கரிக் கணக்கு

நகராட்சி மாடியில்
மழைக்கு ஒழுகும் அறையொன்று எனக்கு.
கதவில் ஒட்டிய தாளில்
'கரிச் சமநிலைப் பிரிவு' என்றிருக்கும்.
பிரிவு என்பது நான்,
ஒரு கணினி, காலொடிந்த நாற்காலி.

முதல் மாதம் மன்னார்குடி முழுக்க நடந்தேன்.
எத்தனை சிலிண்டர், எத்தனை லிட்டர், எத்தனை யூனிட்.
கல்யாண மண்டபக்காரர் ஒருவர்
"ஜெனரேட்டரா? அது ஓடுறதே இல்லம்மா" என்றார்.
அவர் முதுகுக்குப் பின்னால்
அது ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில்
இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு.

பந்தலடியில் இஸ்திரி வண்டி வேதமுத்து.
நாளைக்கு இரண்டு கிலோ அடுப்புக்கரி.
திட்டத்தில் எரிவாயுப் பெட்டி கொடுத்தோம்.
மாலை போட்டுப் படமெடுத்தார்கள், பெட்டிக்கு.
இரண்டு வாரம் கழித்துப் போனபோது
"கனம் போதலை. கதர்ச்சட்டை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."
பழைய பெட்டி வண்டிக்கடியில்
சூடு ஆறாமல் இருந்தது.
தெரிந்த மனிதர். அரைக் கிலோ என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்தவர்
"முக்கால் போடுங்க" என்றார்.

தகனமேடைக்கும் எரிவாயு வந்துவிட்டது.
அதற்கு முந்தைய வருடங்களுக்கு
விறகையும் வரட்டியையும் கணக்கிட வேண்டும்.
படிவம் பெயர் கேட்கவில்லை, எடை கேட்டது.
பதிவேட்டைப் புரட்டிய மேகநாதன்
ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தி
"இவரு கண்டக்டரு. பட்டுக்கோட்டை வண்டி.
ஒல்லியான ஆளு, வெறகு கம்மியாத்தான் ஆயிருக்கும்" என்றார்.
அன்று அதற்குமேல் புரட்டவில்லை நாங்கள்.

அகராதியில் தேடினேன் ஒரு மத்தியானம்.
கரி: எரிந்து மிஞ்சியது.
கரி: யானை.
மூன்றாவதாக, கரி: சாட்சி.
அப்படியானால் கரியில்லா நகரம் என்று
வரவேற்பு வளைவில் எழுதப்போவது
எந்தக் கரியை?

கூட்டத்தில் என் எண்ணைப் பார்த்து
யாருக்கும் முகம் தெளியவில்லை.
குப்பைமேடு சலித்தாயிற்று, தெருவிளக்கு மாற்றியாயிற்று,
சத்தமில்லாத பேருந்து இரண்டு ஓடுகிறது,
வருவது தெரியாமல் நாய்கள்தான் திகைக்கின்றன.
இன்னும் பாதிகூடக் குறையவில்லை.
பொறியாளர் ஜெகபர் அலி வரைபடத்தை விரித்து
முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைத் தொட்டார்.
எங்கேயோ சேற்றில் வேரூன்றி நிற்கிற மரத்தை
எங்கள் புகைக்கு ஜாமீன் கேட்டோம்.

கடைசி வார்டு முடிகிற இடத்தில் எல்லைக்கல்,
அதன் மேல் ஒரு கொக்கு.
அப்பால் சம்பா.
தேங்கிய நீரில் குமிழி எழும், உடையும்.
கரியைவிடக் காட்டமான மூச்சு அது.
எங்கள் கணக்கில் வராது.
அரிசி மட்டும் கல்லைத் தாண்டி வரும்.

"மீத்தேன் எடுக்காதேன்னு
பதினெட்டு நாள் ரோட்டுல உக்காந்தேன்," என்றார் சிவக்கொழுந்து,
"இப்ப அது என் வயல்லேயே வருதுங்கிறாங்க.
தண்ணியக் கட்டாதே, காய்ச்சலும் பாய்ச்சலுமா விடுங்கிறாங்க.
சரி, விடுறேன், பயிருக்கும் நல்லதுதான்."
மண்வெட்டியை வாய்க்காலில் அலசினார்.
"மேட்டூர் திறக்காத வருஷம் ஒண்ணு வந்துச்சே,
அப்ப இந்த வயல்ல ஒரு குமிழி இல்ல.
ஒங்க கணக்குப்படி
அந்த வருஷம் நாங்க ரொம்ப நல்லவங்க."

அதை எழுத
என் அட்டவணையில் கட்டம் இல்லை.
கொக்கு பறந்துவிட்டது. நானும் வந்துவிட்டேன்.

சாயங்காலம் கரண்ட் போனது.
மொட்டைமாடிச் சூரியத்தகடுகள் மேல்
மழை தட்டிக்கொண்டிருந்தது.
அறிக்கையைச் சேமிக்கவில்லையே என்று நான் பதற
காவலாளி குப்பம்மாள்
கீழே போய் ஜெனரேட்டரை இழுத்துவிட்டார்.
சேமித்தேன்.
பிறகு, சேமிப்பதற்கு எரிந்த டீசலை
அலுவலகக் கட்டத்தில் சேர்த்தேன்.
அரை லிட்டர்.

கை நின்றது.
அழித்துவிட்டு
முக்கால் என்று போட்டேன்.